அடுத்த பஞ்சத்துக்கு ஒரு புத்தகம்

நமது வருஷங்களுக்குப் பெயர்கள் உண்டு. மொத்தம் அறுபது. அவற்றில் பெரும்பாலானவை பஞ்சாங்கத்தை விட்டு வெளியே வருவதில்லை. கல்யாணப் பத்திரிகையிலும் ஜாதகத்தின் தலைப்பிலும் ஒரு முறை முகத்தைக் காட்டிவிட்டு மறைந்துவிடும். ஆனால் ஒரு பெயர் மட்டும் பஞ்சாங்கத்திலிருந்து இறங்கி வந்து ஜனங்களுடைய வாயில் குடியேறிவிட்டது. அதுதான் தாது வருஷம். இங்கிலீஷ் கணக்கில் 1876-77. அந்த வருஷம் பிடித்த பஞ்சம் அதோடு நிற்கவில்லை. அடுத்த ஈசுவர வருஷத்தையும் விழுங்கி, 1878-இல்தான் ஓய்ந்தது. இருந்தாலும் பழி முழுவதும் தாது வருஷத்தின் தலையில்தான் விழுந்தது.

என் பாட்டி, தன் பாட்டி சொல்லக் கேட்டதாக அந்தப் பஞ்சத்தைப் பற்றிச் சொல்லுவாள். புளியங்கொட்டையை வறுத்து இடித்துத் தின்றது, கற்றாழைக் கிழங்கைத் தோண்டியது, ஊர் ஊராக ஜனங்கள் வெளியேறியது எல்லாம் வரும். பஞ்சக் கதை கேட்பதற்கு உருக்கமாகத்தான் இருக்கும். நல்லதங்காள் கதையைக் கேட்டு அழாத பெண்கள் ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் இருந்திருக்க முடியுமா? கதை எழுதுகிறவனுக்கும் பஞ்சம் ஒரு பெரிய முதல். பசி வந்திடப் பத்தும் பறந்து போகும் அல்லவா? பத்தும் பறப்பதை எழுதினாலே ஒரு நாவல் ஆகிவிடும்.

ஆனால் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது ஒரு சர்க்கார் புத்தகத்தைப் பற்றி. நாவலாசிரியன் விதிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறானே என்று வாசகர்கள் முகத்தைச் சுளிக்க வேண்டாம். அந்தப் புத்தகத்தில் கதாநாயகன் இல்லை, நாயகி இல்லை. வர்ணனை மருந்துக்கும் கிடையாது. ஆனாலும் லட்சக்கணக்கான மனிதர்கள் பிழைப்பதா, சாவதா என்பதை அது தீர்மானித்திருக்கிறது. அதைத் திறந்த வருஷங்களில் ஒரு விதமாகவும், திறக்காமல் விட்ட வருஷத்தில் வேறு விதமாகவும் தீர்மானித்திருக்கிறது. இதைவிடப் பெரிய கதை என்ன வேண்டும்?

முதலில் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். மழை பொய்த்தவுடனே குடியானவன் செத்துவிடுவதில்லை. அவனுடைய அழிவுக்கு ஒரு வரிசைக்கிரமம் இருக்கிறது.

சேலம் ஜில்லாவில் ஐந்து ஏக்கர் மேட்டுக்காடும் ஒரு கவலைக் கிணறும் உள்ள ஒரு குடியானவனை எடுத்துக்கொள்ளுவோம். வருஷம் 1876. தென்மேற்குப் பருவமழை ஏமாற்றிவிட்டது. சரி, ஐப்பசி கார்த்திகையில் பெய்யும் என்று காத்திருக்கிறான். அதுவும் பெய்யவில்லை. கிணறு வற்றிவிட்டது. அப்போதும் வீட்டில் கொஞ்சம் கம்பும் கேழ்வரகும் இருக்கும். மனிதர்களுக்கு உடனே ஆபத்தில்லை. முதலில் ஆபத்து மாட்டுக்குத்தான். தட்டைப்போர் கரைகிறது. போர் தீர்ந்ததும் கூரையைப் பிரித்து அந்தப் புல்லை மாட்டுக்குப் போடுகிறான். கூரையும் தீர்ந்ததும் மாட்டைச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போகிறான். அங்கே அவனைப் போலவே நூறு பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். விற்க வந்தவர்கள் நூறு, வாங்க வந்தவர்கள் இரண்டு. அந்த இருவரும் மாட்டை விலை பேசவில்லை, அதன் தோலைத்தான் விலை பேசுகிறார்கள்.

மாடு போன பிறகு நகை போகிறது. பிறகு பாத்திரம். பிறகு வீட்டுக் கதவும் நிலையும். கடைசியாக, உறியிலோ பானையிலோ பத்திரப்படுத்தியிருந்த விதைத் தானியம் அடுப்புக்குப் போகிறது. அன்றைக்குச் சாயங்காலம் குழந்தைகள் வயிறாரச் சாப்பிட்டிருக்கலாம். மறுநாள் காலையில் அந்தக் குடும்பம் ஊரை விட்டுக் கிளம்பிவிடும். ஏனென்றால், இனிமேல் மழை பெய்தாலும் அந்த ஊரில் அவனுக்கு வேலை இல்லை. எதைக் கொண்டு உழுவான்? எதை விதைப்பான்?

கஞ்சித் தொட்டியின் முன்னால் வந்து நிற்கும்போது அந்த மனிதன் உயிரோடுதான் இருக்கிறான். ஆனால் அவனுடைய பண்ணையம் செத்துச் சில மாதங்கள் ஆகிவிட்டன.

இந்தக் கணக்கு நம் ஜனங்களுக்கு நன்றாகத் தெரியும். விதைநெல்லை வைக்கோல் பிரியால் இறுக்கிக் கோட்டையாகக் கட்டி வைப்பார்கள். சாம்பலும் நொச்சித் தழையும் கலந்து பானைகளில் மூடி வைப்பார்கள். வீட்டுக் கிழவி ஒருத்தி அதற்குக் காவல். எந்தப் பசியிலும் அதன் மேல் கை வைக்க விடமாட்டாள். பெரிய புராணத்திலே இளையான்குடி மாற நாயனாரின் சரித்திரம் வருகிறது. நடுநிசியில், கொட்டுகிற மழையில் வந்த அடியாருக்கு அமுது படைக்க வீட்டில் ஒன்றும் இல்லை. அன்று பகலில் வயலில் விதைத்த நெல்முளையை வாரிக்கொண்டு வந்து மனைவியிடம் கொடுத்தார் அவர். அவருடைய அன்பின் எல்லையைக் காட்டுவதற்கு இந்த ஒரு காரியமே போதும் என்று அந்தச் சரித்திரம் நினைக்கிறது. விதையைத் தொடுவது என்பது ஒரு குடியானவன் செய்யத் துணியாத காரியம் என்று கேட்பவர்களுக்கெல்லாம் தெரிந்திருந்தது; அதனால்தான் அந்தக் கதை இன்றும் நம்மை உலுக்குகிறது.

ஊருக்கும் இதே போல ஒரு முன்னேற்பாடு இருந்தது. ஏரி, குளம், குதிர், பத்தாயம் எல்லாம் அந்த வகையைச் சேர்ந்தவைதான். பல்லாரி முதலிய ஜில்லாக்களில் பூமிக்குள் குழி வெட்டிச் சோளத்தைக் கொட்டி மூடி, வருஷக் கணக்கில் வைத்திருப்பார்கள். ஆனால் கிஸ்தியை ரொக்கமாகக் கட்ட வேண்டிய காலம் வந்தது. ரயிலும் வந்தது. தானியம் குழியில் தங்கவில்லை. காசாக மாறி ஊரை விட்டுப் போயிற்று. ரயில் வந்தால் பஞ்சம் போய்விடும் என்று எல்லாரும் நம்பினார்கள். தானியத்தைக் கொண்டு வரும் ரயில் அதைக் கொண்டு போகவும் செய்யும் என்பதைத் தாது வருஷம் காட்டிக் கொடுத்தது. அந்தப் பஞ்ச காலத்திலேயே, 1877-78-இல், இந்தியாவிலிருந்து 3 லட்சம் டன்னுக்கு மேல் கோதுமை இங்கிலாந்துக்கு ஏற்றுமதி ஆயிற்று.

சர்க்கார் அதுவரைக்கும் பஞ்சத்தை எப்படிச் சமாளித்துக்கொண்டிருந்தது? ஒவ்வொரு தடவையும் புதிதாகத்தான். 1866-இல் ஒரிஸ்ஸாவில் பஞ்சம் வந்தது. வியாபாரிகள் தானியம் கொண்டு வருவார்கள் என்று அதிகாரிகள் சும்மா இருந்தார்கள். கடைசியில் விழித்துக்கொண்டு தானியம் தருவிக்க முயன்றபோது மழைக்காலம் பிடித்துவிட்டது. கப்பல் கரைக்கு வர முடியவில்லை. சுமார் 10 லட்சம் பேர், அதாவது மூன்றில் ஒரு பங்கு ஜனங்கள் மாண்டார்கள். அந்த அவமானத்துக்குப் பிறகு, 1873-74-இல் பீகாரில் மழை தவறியபோது சர் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி பர்மாவிலிருந்து ஏராளமாக அரிசி தருவித்து ஜனங்களைக் காப்பாற்றினார். சாவு அநேகமாக இல்லை. இதற்காக அவருக்கு மாலை போட்டிருக்க வேண்டும். ஆனால் பணத்தை வாரி இறைத்துவிட்டார் என்ற கெட்ட பெயர்தான் அவருக்குக் கிடைத்தது.

அதே டெம்பிளைத்தான் 1877 ஜனவரியில் வைசிராய் லிட்டன் சென்னை ராஜதானிக்கு அனுப்பி வைத்தார். மனிதர் இந்தத் தடவை சிக்கனத்தின் அவதாரமாக வந்து சேர்ந்தார். நிவாரண வேலை செய்கிற ஓர் ஆண்பிள்ளைக்கு நாள் ஒன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும், மேல் செலவுக்குச் சில்லறைக் காசும் போதும் என்று உத்தரவிட்டார். நாள் முழுவதும் கல் உடைத்து மண் சுமக்கிறவனுக்கு இது போதுமா? சென்னையில் சானிட்டரி கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ் எதிர்த்து நின்றார். குறைந்தது ஒன்றரை ராத்தல் தானியம், அதனுடன் பருப்பும் காய்கறியும் வேண்டும். இல்லாவிட்டால் இது மெதுவாகச் சாகடிப்பதுதான் என்று அவர் வாதாடினார். சில மாதங்கள் கழித்துச் சென்னை சர்க்கார் பாதி வழி இறங்கி வந்து, ஒன்றேகால் ராத்தலும் கொஞ்சம் பருப்பும் கொடுக்க இசைந்தது. ஒரு கால் ராத்தல் தானியத்துக்காக மேஜைக்கு மேஜை காகிதம் பறந்துகொண்டிருந்த அந்த மாதங்களில் முகாம்களில் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

கணக்குச் சொல்லுகிறவர்கள் பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கு மேல் மாண்டதாகச் சொல்லுகிறார்கள். இத்தனை பெரிய எண் மனத்தில் பதிவதில்லை. ஒரு ஜில்லாவை மட்டும் பார்ப்போம். 1871-ஆம் ஆண்டு ஜனக் கணக்கில் சேலம் ஜில்லாவில் 19 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல் இருந்தார்கள். 1881-இல் 16 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. பத்து வருஷத்தில் பெருகியிருக்க வேண்டிய ஜனத்தொகை மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைந்து போயிற்று. இறந்தவர்கள் போக, கடல் கடந்து இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குப் போனவர்களும் தென் ஜில்லாக்களில் அநேகர்.

அந்தக் காலத்தின் அடையாளம் சென்னை நகரத்தில் இன்னமும் இருக்கிறது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்த் துண்டு, சுமார் 8 கிலோமீட்டர், பஞ்ச நிவாரண வேலையாக 1877-78-இல் வெட்டப்பட்டது. அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் கோமகனுடைய பெயரை அதற்குச் சூட்டினார்கள். வெட்டியவர்களுடைய பெயர் யாருக்கும் தெரியாது. மூக்கைப் பிடித்துக்கொண்டு அதைத் தாண்டிப் போகிற நாம், அந்த மண்ணை அள்ளியவர்கள் யார் என்று ஒரு கணம் நினைத்துப் பார்க்கலாம். அவர்களில் பெரும்பாலோர் கூலிக்காரர்களாகப் பிறந்தவர்கள் அல்ல. ஏர் பிடித்தவர்கள்.

தனி மனிதர்களின் தர்மமும் அப்போது குறைவில்லாமல் நடந்தது. முன்சீப் உத்தியோகத்தை விட்டு மாயூரத்தில் இருந்த வேதநாயகம் பிள்ளை தம் கைப்பொருளை அள்ளிக் கொடுத்தார். கோபாலகிருஷ்ண பாரதியார் அவருடைய கொடையைக் கீர்த்தனையாகவே பாடிவிட்டார். நமது முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சில் வந்தது 1879-இல், பஞ்சம் ஓய்ந்த மறு வருஷம். தமிழ் நாவல் பஞ்சத்தின் வாசலில்தான் பிறந்தது என்று சொன்னால் மிகையாகாது.

1877 ஆகஸ்டில் சென்னைப் பிரமுகர்கள் கூட்டம் போட்டு லண்டன் மேயருக்கு முறையிட்டார்கள். இங்கிலாந்தின் சாதாரண ஜனங்கள் லட்சக்கணக்கான பவுன் அனுப்பி வைத்தார்கள். இதில் நான் கவனித்த விசேஷம் ஒன்று உண்டு. அந்தப் பணம் கஞ்சிக்கு மட்டும் செலவாகவில்லை. மழை பெய்யத் தொடங்கியதும், அதில் ஒரு பகுதியைக் குடியானவர்களுக்கு விதை வாங்கவும் மாடு வாங்கவும் கூரை வேயவும் கொடுத்தார்கள். பசித்தவனுக்குச் சோறு போட்டால் அவன் இன்று பிழைப்பான்; அவனுக்கு ஏர் பூட்டிக் கொடுத்தால்தான் நாளைக்குக் கஞ்சித் தொட்டிக்கு வராமல் இருப்பான். தர்மப் பணம் கண்டுகொண்ட இந்த உண்மையை சர்க்கார் பணமும் கண்டுகொள்ள வேண்டாமா?

வேண்டும் என்றுதான் ஆயிற்று. 1878-இல் சர் ரிச்சர்டு ஸ்ட்ரேச்சி தலைமையில் பஞ்ச கமிஷன் ஒன்று நியமிக்கப்பட்டது. 1880-இல் அறிக்கை வந்தது. கமிஷனின் காரியதரிசி சார்லஸ் எலியட் என்பவர் ஒரு விதித் தொகுப்புக்கு நகல் தயாரித்தார். 1883-இல் அது மாதிரி விதியாக வெளியாயிற்று. பிறகு ஒவ்வொரு மாகாணமும் தனக்கென ஒன்றை எழுதிக்கொண்டது. இதுதான் நான் சொன்ன புத்தகம்: பஞ்ச நிவாரண விதி.

அதன் மூலக் கருத்து எளிமையானது. பஞ்சம் வந்த பிறகு யோசிக்காதே. நல்ல வருஷத்திலேயே யோசித்து எழுதி வை. மழை, பயிர், விலைவாசி மூன்றையும் பற்றிக் கீழ் அதிகாரி மேல் அதிகாரிக்குத் தவறாமல் எழுத வேண்டும். எந்த ஊரில் எந்த ஏரியைத் தூர் எடுப்பது, எந்த ரஸ்தாவைப் போடுவது என்று வேலைகளின் ஜாபிதா முன்கூட்டியே ஒவ்வொரு ஜில்லாவிலும் தயாராக இருக்க வேண்டும். சந்தேகம் தட்டினால் முதலில் ஒரு சோதனை வேலை திறக்க வேண்டும்: கடுமையான வேலை, குறைந்த கூலி. ஜனங்கள் வரவில்லையானால் கஷ்டம் முற்றவில்லை என்று அர்த்தம். கூட்டம் கூட்டமாக வந்தால் பஞ்சம் என்று பிரகடனம் செய்துவிட வேண்டும். பிரகடனம் ஆகிவிட்டால் அதன் பிறகு கலெக்டர் யாரையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை; வேலை திறக்கலாம், கூலி கொடுக்கலாம். முதியோர், நோயாளிகள், வேலை செய்ய முடியாதவர்கள் ஆகியோருக்கு அவரவர் கிராமத்திலேயே இலவச உதவி.

குடியானவனுக்கென்று தனியாகச் சில ஏற்பாடுகள் இருந்தன. கிஸ்தி வசூலை நிறுத்தி வைப்பது. அவசியமானால் அடியோடு தள்ளிவிடுவது. காடுகளைத் திறந்துவிட்டு மாடுகளை மேயவிடுவது. கிணறு வெட்டவும், மாடும் விதையும் வாங்கவும் தக்காவிக் கடன் கொடுப்பது. இதற்காகவே 1883-இல் நில அபிவிருத்திக் கடன் சட்டமும் 1884-இல் விவசாயிகள் கடன் சட்டமும் வந்தன.

பஞ்சம் வரப்போவதற்கு என்னென்ன அறிகுறிகள் என்று இந்த விதிகளை ஒட்டி ஒரு பட்டியலும் வகுத்தார்கள். அதைப் படித்தபோது, இதை எழுதியவன் அதிகாரியா, நாவலாசிரியனா என்று எனக்கு வியப்பாக இருந்தது. விலை ஏறுவது முதல் அறிகுறி. இது யாருக்கும் தெரியும். தானிய வியாபாரிகளிடையே திடீரென்று ஒரு பரபரப்பு. கடன் கொடுத்துக்கொண்டிருந்தவன் கையை இழுத்துக்கொள்வது. சின்னத் திருட்டுக்கள் அதிகமாவது. ஆடு மாடுகள் வழக்கமில்லாத திசையில் மேய்ச்சலுக்கு ஓட்டப்படுவது. ஜனங்கள் போக்கிடம் இல்லாமல் அலைவது. எல்லாவற்றிலும் என் மனத்தைத் தைத்தது இதுதான்: பிச்சை போடுவது நின்றுபோவது. வாசலில் வந்தவனுக்கு ஒரு பிடி அரிசி போடுகிற கை எப்போது தயங்குகிறதோ, அப்போது அந்த வீட்டுக்குள்ளேயும் பஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டது என்று அர்த்தம்.

இவ்வளவு சொன்னதால் நான் வெள்ளைக்கார சர்க்காருக்கு நற்சாட்சிப் பத்திரம் கொடுப்பதாக யாரும் நினைக்க வேண்டாம். அந்தப் புத்தகம் முழுவதிலும் தர்மசங்கடமான ஒரு பயம் தெரிகிறது: எங்கே ஒரு காசு அதிகமாகக் கொடுத்துவிடுவோமோ என்ற பயம். 1878-இல் பஞ்சத்துக்கென்று வருஷந்தோறும் ஒன்றரைக் கோடி ரூபாய் ஒதுக்குவதாகச் சொன்னார்கள். அந்தப் பணம் ஆப்கானிஸ்தான் யுத்தத்துக்கு வழி மாறிப் போயிற்று என்று குற்றச்சாட்டு பலமாக எழுந்தது. 1900-இல் ரமேஷ் சந்திர தத்தர் கர்ஸன் பிரபுவுக்குப் பகிரங்கக் கடிதங்கள் எழுதினார். நிலவரியைக் குறையுங்கள், அப்போதுதான் குடியானவன் கையில் கெட்ட காலத்துக்கு ஏதாவது மிஞ்சும் என்பது அவருடைய வாதம். நோய் கொடுக்கிறவனே மருந்துச் சீட்டும் எழுதலாமா என்பதுதான் அதன் உட்பொருள். நியாயமான கேள்வி.

புத்தகத்திலேயும் ஒரு குறை இருந்தது. மனிதனைக் காப்பதில் அது தேர்ந்த அளவுக்குப் பண்ணையத்தைக் காப்பதில் தேரவில்லை. 1899-1900-இல் குஜராத்திலும் மத்திய இந்தியாவிலும் பெரும் பஞ்சம் வந்தபோது இது வெட்ட வெளிச்சமாயிற்று. குஜராத்தின் உழவு மாடுகள் நாடெங்கும் பெயர் பெற்றவை. அவை தீவனமில்லாமல் கூட்டம் கூட்டமாக மடிந்தன. 1901-இல் ஸர் ஆன்டனி மக்டானல் தலைமையில் கூடிய கமிஷன், விதைக்கும் மாட்டுக்கும் முன்பணத்தை ஆரம்பத்திலேயே கொடுத்துவிட வேண்டும், தற்காலிகக் கிணறுகள் வெட்ட வேண்டும் என்று வற்புறுத்திற்று. முன்கூட்டியே உதவி வரும் என்று தெரிந்தால் குடியானவன் தைரியத்தை இழக்க மாட்டான் என்று அது சொல்லிற்று. தைரியத்தை ஒரு நிவாரணப் பொருளாகக் கருதிய முதல் சர்க்கார் அறிக்கை இதுதானோ என்னவோ.

இதே சமயத்தில், கடனுக்கு லேவாதேவிக்காரனையும் சர்க்காரையும் எதிர்பார்த்துக் கிடப்பதற்குப் பதிலாகக் குடியானவர்களே கூடிப் பணம் சேர்த்தால் என்ன என்ற யோசனையும் எழுந்தது. சென்னை சர்க்கார் உத்தியோகஸ்தர் பிரடரிக் நிக்கல்சன் ஜெர்மனியில் ராய்பைஸன் ஏற்படுத்திய கிராமச் சங்கங்களை ஆராய்ந்து, 1895-லும் 1897-லும் இரண்டு பெரிய அறிக்கைகள் எழுதினார். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அந்த வருஷமே திருவள்ளூருக்குப் பக்கத்தில் திரூர் கிராமத்தில் ஒரு சங்கம் தொடங்கிற்று. மைசூரில் ஜே. எஸ். சக்கரவர்த்தி என்பவர் 1920-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். மழை இத்தனை அங்குலத்துக்குக் குறைந்தால் இன்ன தொகை என்று பயிருக்கு இன்ஷ்யூரன்ஸ் ஏற்படுத்தலாம் என்று அதில் கணக்கோடு காட்டினார். அவர் சொன்னதை நாடு காதில் போட்டுக்கொள்ள வெகு காலம் பிடித்தது. நாடு தழுவிய பயிர்க் காப்புத் திட்டம் 1985-இல்தான் வந்தது.

இப்படியாக, குறையோடும் நிறையோடும் அந்தப் புத்தகம் திருந்திக்கொண்டே வந்தது. அது முழு உருவத்தோடு பீரோவில் இருந்தபோதுதான் 1943 வந்தது.

வங்காளத்தில் நடந்ததைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போயிற்று. அங்கிருந்து வந்த அரிசி நின்றது. எதிரிக்குப் பயன்படக் கூடாது என்று கரையோர ஜில்லாக்களில் படகுகளைப் பறிமுதல் செய்தார்கள். அக்டோபரில் மிதுனபுரியில் புயலும் கடலும் சேர்ந்து வயல்களை வாரிக்கொண்டு போயின. பட்டியலில் உள்ள அறிகுறிகள் ஒவ்வொன்றாக வந்தன. விலை ஏறிற்று. வியாபாரிகள் பரபரத்தார்கள். ஜனங்கள் அலைந்தார்கள். பிச்சை நின்றது. கடைசியில் கல்கத்தா வீதிகளில் பிணங்கள் கிடந்தன. அப்போதும் பஞ்சம் என்று விதிப்படி பிரகடனம் செய்யவில்லை. ஏன்? பிரகடனம் செய்தால் விதியில் கண்ட அளவு தானியம் கொடுத்தாக வேண்டும். அவ்வளவு தானியம் எங்களிடம் இல்லை என்று தற்காலிக கவர்னராக இருந்த ரூதர்போர்டு வைசிராய்க்கு எழுதினார்.

வாசகர்கள் இந்தக் காரணத்தை மறுபடியும் ஒரு முறை படித்துப் பார்க்க வேண்டும். வீடு பற்றி எரிகிறது. தீயணைக்கத் தண்ணீர் போதாது. ஆகையால் தீ என்று கூவவில்லை. கூவியிருந்தால் மற்ற மாகாணங்களும் லண்டனும் திரும்பிப் பார்த்திருக்கும். இல்லாத தண்ணீரைக் கொண்டு வருவதற்காகத்தானே கூவுகிறோம்!

1945-இல் விசாரணைக் கமிஷன் சுமார் 15 லட்சம் பேர் இறந்ததாகச் சொல்லிற்று. பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் 20 லட்சம் முதல் 30 லட்சம் வரை சொல்லுகிறார்கள். பண்ணையங்களுக்கு என்ன நேர்ந்தது? பேராசிரியர் மஹலநோபிஸும் அவரைச் சேர்ந்தவர்களும் பஞ்சத்துக்குப் பிறகு கிராமங்களில் கணக்கெடுத்தார்கள். நெல் வயல் வைத்திருந்த குடும்பங்களில் ஏறக்குறையக் கால் பங்கு, அந்த ஒரு பஞ்சத்தில் நிலத்தை விற்றோ அடகு வைத்தோ இருந்தது. செத்தவர்களோடு பஞ்சம் முடியவில்லை. பிழைத்தவர்கள் நிலமில்லாதவர்களாகப் பிழைத்தார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு புத்தகத்தைத் திறப்பதற்கு ஆட்கள் இருந்தார்கள். 1967 ஏப்ரலில் பீகாரின் சில பகுதிகளில் பஞ்சம் என்று வெளிப்படையாகப் பிரகடனம் செய்தார்கள். 1972-73-இல் மகாராஷ்டிரத்தில் கொடிய வறட்சி. உச்ச கட்டத்தில் சுமார் 50 லட்சம் பேர் நிவாரண வேலைகளில் இருந்தார்கள். கிணறும் குளமும் ரஸ்தாவும் வெட்டினார்கள். பெரும் சாவு தவிர்க்கப்பட்டது. கேட்டவனுக்கு வேலை என்பதை உரிமையாக்கி 1977-இல் அந்த மாநிலம் ஒரு சட்டமே செய்தது. 2005-இல் நாடு முழுவதுக்கும் அத்தகைய சட்டம் ஒன்று வந்தது. பஞ்ச விதி என்ற பெயரும் மாறிற்று. வறட்சி மேலாண்மைக் கையேடு என்று 2009-லும், திருத்தி 2016-லும் வெளியிட்டார்கள். அந்த 2016-இல்தான் நமது வடகிழக்குப் பருவமழை மோசமாக ஏமாற்றியது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அறிவிக்கப்பட்டன. பசியால் ஊர் ஊராகச் சாவது நின்றுவிட்டது. இது சாதாரணமான காரியமல்ல. தாது வருஷத்து ஜனங்கள் கேட்டால் நம்பமாட்டார்கள்.

ஆனால் பண்ணையத்தின் கதை முடிந்துவிட்டதா? குடியானவனின் காலண்டரும் ஆபீஸ் காலண்டரும் ஒன்றல்ல. ஆடிப் பட்டம் தேடி விதை என்பது பழமொழி. ஆடியில் வேண்டிய விதைக் கடன் புரட்டாசியில் வந்தால், இரண்டு மாதம் தாமதம் என்று ஆபீஸில் குறித்துக்கொள்ளுவார்கள். வயலில் அது ஒரு வருஷம். தீவனம் பதினைந்து நாள் பிந்தி வந்தால் ஆபீஸில் அது ஒரு நினைவூட்டுக் கடிதம். கொட்டிலில் அது ஒரு ஜோடி மாடு. வெள்ளமானாலும் புயலானாலும் இந்தக் கணக்கு மாறுவதில்லை.

ஒன்றரை நூற்றாண்டில் எத்தனையோ லட்சம் உயிர்களைக் கொடுத்து நாம் கற்றுக்கொண்ட பாடம் இரண்டே வரிதான். ஆபத்துக்கு வேண்டியதை நல்ல நாளிலே எழுதி வைக்க வேண்டும். ஆபத்து வந்ததும், வந்துவிட்டது என்று சொல்ல ஒருவன் துணிய வேண்டும். முதல் வரியைப் புத்தகம் பார்த்துக்கொள்ளும். இரண்டாவது வரிக்கு மனிதன்தான் வேண்டும். விதைப் பானையின் மேல் கை வைக்கிற அந்தச் சாயங்காலத்துக்கு முன்னாலேயே அவன் வாயைத் திறந்துவிட வேண்டும்.